மலைப்பாதையைத் தண்ணீர் தின்னாமல் காப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மலைப்பாதைகளைச் சீரமைத்துப் பராமரிக்கும் தன்னார்வலர் பணியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே ஐயத்தைச் சிலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் மண்வெட்டியோடு மலையேறி வரும் அனுபவத்தில் கற்றதும், உலகின் பல மலைகளில் இதே பணியைச் செய்பவர்களின் நடைமுறையிலிருந்து தெரிந்துகொண்டதுமே இந்தப் பதில்களுக்கு அடிப்படை.

கேள்வி: புதர் மூடிக் கைவிடப்பட்ட ஒரு மலைப்பாதையை நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மீட்டெடுக்க நினைக்கிறோம். ஆர்வமும் ஆள்பலமும் இருக்கின்றன. எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

முதல் வேலை, நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெறுவது. பாதை காட்டுக்குள் போனாலும் தனியார் நிலத்தைத் தொட்டுக்கொண்டு போனாலும், அனுமதியில்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்டாதீர்கள். அந்த நிலத்தைக் காப்பவர்களுக்குத் தெரிந்த செய்திகள் நமக்குத் தெரிந்திருக்காது: எந்தப் பருவத்தில் எந்த விலங்கு அந்தப் பக்கம் நடமாடுகிறது, எந்த மரத்தில் பறவைகள் கூடு வைக்கின்றன, அந்தப் பாதை ஏன் கைவிடப்பட்டது என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் நாம் அறிய முடியும். சில பாதைகள் ஆளில்லாமல் அழிந்தவை அல்ல; நிலச்சரிவுக்கு அஞ்சியோ வேறு நல்ல காரணத்தாலோ மூடப்பட்டவை. அப்படிப்பட்ட பாதையைத் திறந்துவிட்டால் நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு தீங்கு செய்தவர்கள் ஆவோம்.

அனுமதி கிடைத்த பிறகு, கருவி எதையும் எடுத்துக்கொள்ளாமல், மழை பெய்யும்போதோ மழை விட்ட உடனேயோ பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். மின்னல் இருந்தாலோ ஓடைகள் பெருகியிருந்தாலோ போக வேண்டாம். மிதமான மழையே போதும். வெயில் நாளில் எல்லாப் பாதையும் நல்ல பாதையாகத்தான் தெரியும். மழையில் போனால்தான் தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் நுழைகிறது, எவ்வளவு தூரம் பாதையிலேயே ஓடுகிறது, எங்கே வெளியேற முயன்று முடியாமல் தேங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இந்த மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, அந்தந்த இடங்களில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள். புதர் வெட்டுவதைப் பெரும்பாலோர் முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். பார்வைக்கு அது உடனே பலன் தருவதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் தண்ணீர் ஓடும் பாதையில் புதரை மட்டும் வெட்டினால், அதுவரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த வேர்களும் போய், அடுத்த மழையிலேயே பாதை ஓடையாகிவிடும்.

கேள்வி: எங்கள் குழு ஒவ்வோர் ஆண்டும் பாதையில் விழுந்த பள்ளங்களை மண்ணும் சல்லியும் போட்டு நிரப்புகிறது. ஒவ்வோர் ஆண்டும் மழை அதை அடித்துக்கொண்டு போகிறது. நாங்கள் செய்யும் தவறு என்ன?

நிரப்புவதில் தவறில்லை, தண்ணீரை வெளியேற்றாமல் நிரப்புவதுதான் தவறு. வந்த கடிதங்களில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மலைச்சரிவில் விழும் மழைநீர் இயல்பாக அகலப் பரந்து, இலைச்சருகுக்கும் புல்லுக்கும் இடையில் மெதுவாக இறங்குகிறது. நாம் குறுக்கே ஒரு பாதையை வெட்டும்போது, பரந்து வந்த அந்த நீரைப் பிடித்து ஒரே தடத்தில் ஓடவிடும் கால்வாயைத் தெரியாமலேயே அமைத்துவிடுகிறோம். ஓடும் தூரம் கூடக்கூட நீரின் அளவும் வேகமும் கூடுகின்றன. வேகம் இரண்டு மடங்கானால், அந்த நீரால் உருட்டிச் செல்ல முடிந்த கல்லின் எடை 64 மடங்கு வரை கூடும் என்று நீரியல் விதி ஒன்று சொல்கிறது. பாதையின் மேல் பகுதியில் மணலை மட்டுமே நகர்த்திய அதே மழை, நூறு மீட்டர் கீழே நீங்கள் பாடுபட்டுப் போட்ட சல்லி முழுவதையும் வாரிக்கொண்டு போவது இதனால்தான்.

ஆகவே செய்ய வேண்டியது, நீர் வேகம் பிடிப்பதற்கு முன்பே அதைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவது. இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி வாட்டம். மொட்டைமாடித் தளம் போடும்போது கொத்தனார் தண்ணீர் போக வாட்டம் கொடுப்பதைப் போல, பாதையின் தளமும் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலமான பாதைக்கு ஐந்து சென்டிமீட்டர் இறக்கம் போதும்; நடப்பவருக்குக் காலில் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நடமாட்டம் கூடினால் பாதையின் நடுப்பகுதி அமுங்கி, வெளி ஓரத்தில் மண் வரப்பு மாதிரி மேடிட்டுவிடும். அந்த வரப்புதான் வாட்டத்தைக் கெடுத்துத் தண்ணீரை உள்ளே சிறை வைக்கிறது. பல பாதைகளுக்கு அந்த வரப்பை மண்வெட்டியால் இழுத்துச் சமன்படுத்துவதே பாதி மருத்துவம். இழுத்த மண்ணைப் பாதையிலேயே போட்டு, திமிசுக்கட்டையால் கெட்டிப்படுத்திவிட்டால் நிரப்பும் மண்ணைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, பாதையின் ஏற்ற இறக்கத்திலேயே இடையிடையே ஒரு சிறு தாழ்வு வைப்பது. ஏறிக்கொண்டே போகும் பாதை, ஓரிடத்தில் மூன்று நான்கு மீட்டர் தூரம் லேசாக இறங்கிப் பிறகு மீண்டும் ஏறினால், மேலிருந்து பாதையோடு ஓடி வரும் நீர் அந்தத் தாழ்வில் நின்று வெளியே போய்விடும்; அதைத் தாண்டி ஓட அதற்கு வழியில்லை. கல்லும் கட்டையும் இல்லாத இந்த அமைப்பு பெயர்ந்துபோகவும் வாய்ப்பில்லை. புதிதாகத் தடம் எடுப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, தடுப்புக் கல்வரிசை. ஏற்கெனவே செங்குத்தாகப் போட்டுவிட்ட பழைய பாதைகளில் வேறு வழியில்லாதபோது, கற்களையோ மரக்கட்டையையோ பாதையின் குறுக்கே சாய்வாகப் பதித்துத் தண்ணீரைத் திருப்புகிறோம். இங்கே ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். தொடக்க காலத்தில், பாதைக்கு நேர் குறுக்காக, அழகாக, ஒரே மட்டமாக எட்டு கல்வரிசைகளை ஒரு பருவம் முழுவதும் உழைத்துப் பதித்தோம். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது, எட்டின் பின்புறமும் வண்டல் நிரம்பித் தரைமட்டமாகியிருந்தது. தண்ணீர் கற்களின் மேலேறிக் கீழே குதித்து, ஒவ்வொரு வரிசையின் முன்னாலும் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்திருந்தது. நேர் குறுக்காக வைத்தால் நீர் மோதி நிற்கும். நின்ற நீர் மண்ணைக் கீழே போட்டுவிடும். ஏறத்தாழ 45 பாகை அளவுக்குச் சாய்த்து வைத்தால் நீர் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும். போகும்போது தன் மண்ணையும் தானே கொண்டுபோகும். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். பதித்த பிறகு அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பாருங்கள். இம்மியளவு ஆடினாலும் எடுத்துவிட்டு மறுபடி பதியுங்கள்.

பாதையின் தடமே தவறாக இருந்தால் இவை எதுவும் முழுப் பலன் தராது. பாதையின் ஏற்றம், அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது தடம் அமைப்போர் பின்பற்றும் விதி. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து கீழே ஓடும். உங்கள் பாதை மலையுச்சியிலிருந்து நேராகக் கீழே இறங்குவதாக இருந்தால், அந்தப் பகுதியைக் கைவிட்டு, சரிவைச் சுற்றி வளைந்து போகும் புதிய தடத்தை அமைப்பதுதான் முடிவில் குறைந்த உழைப்பு. இதை ஏற்றுக்கொள்வது கடினம் என்று அறிவேன். பத்தாண்டுகளாக மண் சுமந்து கொட்டிய இடத்தை விட்டு நகர யாருக்கும் மனம் வராது.

கேள்வி: செங்குத்தான பகுதிகளில் கற்படி கட்டினோம். ஆனால் நடப்பவர்கள் படியை விட்டுவிட்டு, பக்கத்துப் புல்லில் நடந்து புதிய தடம் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

படியை அளந்து பாருங்கள். பெரும்பாலும் படி உயரமாக இருக்கும். ஒரு படியின் உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கால் தானாக ஏறும்; 25, 30 என்று போனால், அதிலும் முதுகில் சுமையோடு இறங்கும்போது, முழங்கால் வேறு வழி தேடும். மக்களின் ஒழுக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் நம் அளவுகோலைச் சரிபார்ப்பது நல்லது. அடுத்து, படியின் இரு பக்கங்களிலும் நடக்க வசதியான புல்தரை இருந்தால் கால் அங்கேதான் போகும். ஒழுங்கற்ற பெரிய கற்களைப் பக்கத்தில் பாதியளவு புதைத்து வைத்தால், படியில் நடப்பதே எளிது என்று ஆகிவிடும்.

கட்டும் முறையில் ஒன்றைக் கவனியுங்கள். கீழ்ப்படியிலிருந்து மேல்நோக்கிக் கட்ட வேண்டும். மேல்படியின் அடிப்பகுதி கீழ்ப்படியின் பின்பகுதியில் ஏறி அமர வேண்டும். அப்போது ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். நார்வேயின் ப்ரெய்க்கஸ்டோலன் பாறைக்குப் போகும் பாதையில் நேபாளத்தின் ஷெர்ப்பாக்கள் அமைத்த கற்படிகள் இந்த வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தலைமுறைகளாகத் தம் மலைகளில் சிமென்ட் இல்லாமல் கல் அடுக்கிப் பழகியவர்களை, இன்னொரு கண்டத்தின் மலைகளுக்கு அழைத்து வேலை கேட்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் கைத்திறனின் மதிப்பு புரியும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 'ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ்' என்ற கூட்டமைப்பு, பாதை தேய்ந்த சரிவுகளில் கற்களை நட்டு நட்டு நெருக்கமாகத் தளம் அமைக்கிறது. கற்களைச் சில இடங்களுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. அத்தனை செலவில் அமைத்த தளத்தையும் காப்பாற்றுவது, அதன் தன்னார்வலர்கள் ஆண்டு முழுவதும் பாதை பாதையாக நடந்து வடிகால்களில் அடைத்த மண்ணையும் கல்லையும் தள்ளிவிடும் வேலைதான்.

கேள்வி: கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கு வழியாக இறங்குபவர்களைத் தடுக்க அறிவிப்புப் பலகை வைத்தால் பயன் உண்டா?

குறைவு. வளைவின் இரு கைகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி அமைந்திருந்தால், கண்ணுக்குத் தெரியும் பாதைக்குக் கால் இறங்கத்தான் செய்யும். நடுவில் உள்ள இடத்தில் பெரிய பாறையோ அடர்ந்த புதரோ இருக்கும்படி வளைவின் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே உண்மையான தடுப்பு. ஏற்கெனவே அமைந்துவிட்ட வளைவு என்றால், விழுந்த கிளைகளை இலையோடு குறுக்கே அடர்த்தியாகப் போட்டு, அங்கேயே வளரும் செடிகளை நடுங்கள்.

கேள்வி: என்னென்ன கருவிகள் வேண்டும்? புதியவர்கள் கையில் கருவியைக் கொடுக்கும்போது எவற்றை வலியுறுத்த வேண்டும்?

மண்வெட்டி, கடப்பாரை, கைவாள், அரிவாள், மண்சட்டி, இரும்புப் பற்கள் உள்ள வாரி ஆகியவை இருந்தால் நூற்றில் தொண்ணூறு வேலை நடக்கும். மலைப்பாதைப் பணியில் புகழ்பெற்ற 'புலாஸ்கி' என்ற கருவியும் உண்டு. ஒருபக்கம் கோடாலியும் மறுபக்கம் குறுகிய மண்வெட்டியும் ஒரே காம்பில் அமைந்தது அது. 1910-இல் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் பரவிய பெருந்தீயின்போது தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயரால் அது வழங்குகிறது. வேரை வெட்டவும் மண்ணைக் கொத்தவும் கருவி மாற்ற வேண்டாம் என்பதால், தொலைவுக்குச் சுமந்து போகிறவர்களுக்கு அது மிகவும் உதவும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காதவை சில. வேலை செய்பவர்களுக்கிடையே குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கருவியைத் தோளில் சாய்த்து நடக்கக்கூடாது. பள்ளத்தாக்குப் பக்கத்துக் கையில், கீழே தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். தடுக்கி விழுந்தால் அதைக் கீழ்ப்பக்கமாக வீசிவிட்டு விழலாம். வேலை நடக்கும் இடத்தைக் கடக்க வருபவர் குரல் கொடுக்க வேண்டும். வேலை செய்பவர் கருவியைத் தரையில் ஊன்றி, கண்ணைப் பார்த்துத் தலையசைத்த பிறகே அவர் கடக்க வேண்டும். கல்லைக் கடப்பாரையால் நெம்பும்போது, அது உருண்டால் போகக்கூடிய திசையில் ஒருவரும் இருக்கக்கூடாது. பெரும்பாலான காயங்கள் பிற்பகலில், களைப்பு ஏறிய பின்பு, 'இந்த ஒரு கல்லை மட்டும் வைத்துவிட்டுப் போவோம்' என்று சொல்லும் வேளையில் நிகழ்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசிக் கல்லை மறுநாளைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாதையில் விழுந்த பெரிய மரத்தை நாங்களே அறுத்து அகற்றலாமா?

கால் தடிமனுக்குக் குறைந்த கிளைகளைக் கைவாளால் அறுக்கலாம். பெரிய மரத்தை, முறையான பயிற்சி பெற்றவர் குழுவில் இல்லாவிட்டால், தொடாதீர்கள். விழுந்து கிடக்கும் மரம் ஓய்ந்து கிடப்பதாகத் தோன்றினாலும், அதன் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அழுத்தப்பட்டும் வில்லைப் போல விசை ஏறி நிற்கிறது. எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் இரம்பத்தை வைத்தால், வாள் சிக்கிக்கொள்ளலாம். இல்லையேல் மரம் ஒரு நொடியில் தெறித்து ஆளை அடித்துவிடலாம். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் காக்கும் பகுதிகளில் பொதுவாக எந்திர இரம்பத்துக்கு இடமில்லை என்பதால், இருவர் இழுக்கும் நீண்ட கைவாளால் பெருமரங்களை அறுக்கும் தன்னார்வலர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களும் பயிற்சி பெற்று, தகுதிச் சான்று வாங்கிய பிறகே வாளைத் தொடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது. முழங்கால் வலி இருக்கிறது. பாதைப் பணியில் சேர மிகவும் ஆசை. கல் தூக்க முடியாத என்னால் குழுவுக்குப் பாரம்தானே?

அப்படி எண்ணவே வேண்டாம், அம்மா. எங்கள் குழுவில் மிகவும் தேவைப்பட்டும் ஆள் கிடைக்காமல் தவித்த வேலை, பதிவேடு எழுதுவது. எந்த வடிகால் எப்போது சுத்தம் செய்யப்பட்டது, எந்தக் கல்வரிசை பெயர்ந்தது, ஓராண்டுக்கு முன் அதே இடத்தில் எடுத்த படம் எப்படியிருந்தது என்பதையெல்லாம் ஒருவர் பொறுப்பாக வைத்திருந்தால், செய்த தவறையே மறுபடி செய்யாமல் தப்பிக்கலாம். பாதையின் தொடக்கப் பகுதியில் கிளை கழிக்கும் வேலையும் இருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே தடித்திருக்கும் கழுத்துப் பகுதியை விட்டுவிட்டு, அதற்கு வெளியே அறுத்தால் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். இதைப் பொறுமையோடு செய்ய மூத்தவர்களே தகுந்தவர்கள்.

ஜப்பானில் குமானோ கோடோ என்ற பழமையான யாத்திரைப் பாதைகள் இருக்கின்றன. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. கீயி தீபகற்பத்தின் மழை மிகக் கடுமையானது என்பதால் மண் கரைந்துகொண்டே இருக்கும். அங்கே 'மிச்சிபுஷின்' என்ற பெயரில், நடக்க வருபவர்களே சிறு சிறு பைகளில் மண்ணைச் சுமந்துபோய்த் தேய்ந்த இடங்களில் கொட்டி, கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஒருவர் சுமப்பது சில கிலோ மண்தான். உங்களால் ஒரு கிலோ சுமக்க முடிந்தால் ஒரு கிலோ சுமந்து வாருங்கள்.

கேள்வி: வழிதவறிப் போகிறார்கள் என்பதால் எங்கள் பகுதியில் பாறைக்குப் பாறை அம்புக்குறி வரைந்துவிட்டார்கள். இது சரிதானா? அடையாளமிடுவதற்கு முறை உண்டா?

அடையாளம் வேண்டும், ஆனால் பாறைக்குப் பாறை வேண்டாம். ஓர் அடையாளத்தின் அருகில் நின்றால் அடுத்ததோ, அதை நோக்கிப் போகும் தெளிவான தடமோ தெரிந்தால் போதும். பிரிவு வரும் இடத்திலும், மூடுபனியில் தடம் மறையும் வெட்டவெளியிலும் மட்டும் நெருக்கமாக வையுங்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய நிறத்தில் வரைவதுதான் ஆபத்து, ஏனென்றால் இரண்டு குழுக்களின் அம்புகள் எதிரெதிராகக் காட்டும் இடத்தில்தான் ஆள் தொலைகிறார்.

செக் நாட்டில் 1888-இல் தோன்றிய நடைப்பயணச் சங்கம், மறு ஆண்டிலேயே முதல் பாதைக்கு அடையாளமிட்டது. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் மூன்று பட்டைகள், நடுப்பட்டையின் நிறம்தான் பாதையைச் சொல்லும் என்ற முறையை நாடு முழுவதும் ஒன்றுபோலக் காக்கிறார்கள். தூரிகையோடு அலைபவர்கள் தன்னார்வலர்களே. சுவிட்சர்லாந்தில் எளிய பாதைக்கு மஞ்சள், மலைப்பாதைக்கு வெள்ளை-சிவப்பு-வெள்ளை, உயர்மலைத் தடத்துக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை என்று நிறமே கடினத்தைச் சொல்லிவிடும். அந்த நாட்டு மக்கள் 1979-இல் வாக்களித்து நடைப்பாதைகளை அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: முதல் நாள் அறுபது பேர் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் மாதம் ஏழு பேர். இதை அரசுதானே செய்ய வேண்டும், நாம் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். குழுவைக் காப்பது எப்படி?

ஏழு பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்றால் உங்கள் குழு நலமாகவே இருக்கிறது. வராத ஐம்பத்து மூன்று பேரை நினைத்து வருந்துவதில் அந்த ஏழு பேரின் ஊக்கத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைப் பாருங்கள். பென்டன் மெக்கே என்பவர் 1921-இல் முன்வைத்த யோசனை அது. 1925-இல் அதற்கென ஓர் அமைப்பு உருவாகி, 1937-இல் பாதை முழுமையடைந்தது. 14 மாநிலங்களில் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையை, ஏறத்தாழ 30 தன்னார்வச் சங்கங்கள் பங்கு பிரித்துக்கொண்டு பராமரிக்கின்றன. சங்கங்கள் தம் பங்கை மேலும் சிறு துண்டுகளாக்கி, 'இந்த வளைவிலிருந்து அந்த ஓடை வரை உங்களுடையது' என்று ஒருவரிடமோ ஒரு குடும்பத்திடமோ ஒப்படைக்கின்றன. பாதை முழுமையடைந்த அடுத்த ஆண்டே, 1938-இல், பெரும்புயல் வந்து வடபகுதியில் மரங்களைச் சாய்த்துப் பாதையைத் துண்டித்தது, மறுபடி திறந்தார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தென்பகுதியைச் சிதைத்தது. மறுபடி வாளோடு போனார்கள்.

உங்களிடமும் பாதையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவான ஆறு கிலோமீட்டரை ஒருவரும் தன்னுடையதாக எண்ண மாட்டார். நானூறு மீட்டரைக் கொடுத்து, அதிலுள்ள ஐந்து வடிகால்களை எண்ணிக் காட்டினால், மழை கொட்டும் இரவில் அந்த மனிதருக்கு 'மூன்றாவது வடிகால் அடைத்திருக்குமோ' என்று தூக்கம் கலையும். அப்படித் தூக்கம் கலையும் ஒருவர் கிடைத்துவிட்டால் அந்த நானூறு மீட்டருக்குக் கவலையில்லை.

அரசு செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். பாலமும் பெரிய தாங்குசுவரும் நம் கைக்கு மீறியவை, அவற்றை நாம் தலையில் போட்டுக்கொள்வதும் சரியல்ல. ஆனால் வடிகாலில் அடைத்த இலையை எடுப்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரிக் காத்திருக்க முடியாது. சென்ற மழையில் ஒரு வடிகாலின் வாயில் இரு கை கொள்ளும் அளவுக்குச் சருகும், அதன் பின்னால் ஒரு சிரட்டை மண்ணும் சேர்ந்திருந்தன. தண்ணீர் அதைத் தாண்டிப் பாதையில் இறங்கத் தொடங்கியிருந்தது. குனிந்து சருகை அள்ளிப் போட்டதும், தேங்கியிருந்த நீர் ஒருமுறை சுழன்று, வடிகாலைக் கண்டுபிடித்து, மீதி மண்ணையும் இழுத்துக்கொண்டு புதருக்குள் இறங்கியது. ஒரு நிமிட வேலை. அதை அன்று ஒருவரும் செய்யாமலிருந்தால், கீழேயுள்ள இருபது மீட்டர் பாதையை நிரப்ப ஒரு குழுவுக்கு ஒரு நாள் ஆகியிருக்கும்.

கேள்வி: காலணியைக் கழுவிவிட்டுத்தான் பாதைக்குள் வர வேண்டும் என்று சில இடங்களில் வற்புறுத்துவது மிகையாகத் தெரியவில்லையா?

இல்லை. நியூசிலாந்தின் கவுரி மரங்களை ஒரு நுண்ணுயிரி வேரோடு அழுகச் செய்து கொல்கிறது. அது மண்ணோடு பரவுகிறது, அதற்குத் தீர்வான மருந்தில்லை. குண்டூசித் தலையளவு மண்ணே போதும் என்பதால் பாதைமுகப்புகளில் காலணி கழுவும் இடங்கள் அமைத்தார்கள். சில பாதைகளை மூடவே நேர்ந்தது. பாதைப் பணியாளர்களான நாம்தான் அதிக மண்ணைக் கொண்டுபோகிறவர்கள். ஒரு மலையில் பயன்படுத்திய மண்வெட்டியை அடுத்த மலைக்குக் கொண்டுபோகும் முன், ஈர மண் ஒட்டாதபடி தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி: புதிய தடம் அமைத்த பின் பழைய பாதையை என்ன செய்வது? அப்படியே விட்டால் காடு மூடிக்கொள்ளாதா?

மூடிக்கொள்ளாது, பல ஆண்டுகள் மிதிபட்டு இறுகிய மண்ணில் விதை விழுந்தாலும் வேர் இறங்காது. அத்தோடு, தண்ணீர் அந்தப் பழைய பள்ளத்திலேயே தொடர்ந்து ஓடும். முதலில் பள்ளத்தின் குறுக்கே பத்துப் பதினைந்து அடிக்கொரு கல்தடுப்பு வைத்து, ஓடிவரும் மண் அங்கேயே தங்கச் செய்யுங்கள். இங்கே மட்டும் நேர் குறுக்காக வைக்க வேண்டும், நீர் நிற்பதுதான் இப்போது நமக்கு வேண்டும். பிறகு இறுகிய தரையைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்திப் புரட்டுங்கள். புதிய தடம் வெட்டும்போது எடுத்த மேல்மண்ணையும் சருகையும் புல்பத்தைகளையும் வீணாக்காமல் இங்கே கொண்டுவந்து பரப்புங்கள். பழைய பாதையின் தொடக்கமும் முடிவும் கண்ணில் படாதவாறு இலையுள்ள கிளைகளால் மறைப்பது கட்டாயம். நடுப்பகுதியை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், வாயில் திறந்திருந்தால் யாராவது நுழைந்துவிடுவார்கள்.

நாங்கள் இப்படி மூடிய ஒரு தடத்தில் முதலாண்டு எதுவும் முளைக்கவில்லை. இரண்டாம் ஆண்டு கல்தடுப்புகளின் பின்னால் தங்கிய வண்டலில் மட்டும் புல் வந்தது. ஐந்தாம் ஆண்டு, குழுவுக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞருக்குப் பழைய பாதையைக் காட்டலாம் என்று அழைத்துப் போய், அது தொடங்கும் இடத்தைப் பதிவேட்டிலிருந்த படத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.